பச்சை நிறத்தில் காணாமல் போன கோயில்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. பூஜை முடிஞ்சு, சாப்பிட்டு, ஓய்வா உட்கார்ந்திருக்கும்போது படிங்க. படிச்சிட்டு உங்க வீட்டுப் பெரியவங்களுக்கும் வாசிச்சுக் காட்டுங்க. அவங்ககிட்டதான் கடைசியில் ஒரு வேலை இருக்கு.

போன மாதம் செயற்குழுக் கூட்டத்தில் நம்ம பகுதிக்கான புதிய உள்ளூர்த் திட்ட வரைவின் வரைபடத்தை மேசையில் விரித்து வைத்தோம். தாமான் வீடுகள் ஒரு நிறம், கடைவீடுகள் ஒரு நிறம், தொழிற்பேட்டை ஒரு நிறம். நம்ம கோயில் நிற்கும் இடம் பச்சை. ஓரக் குறிப்பில் பார்த்தால் 'தானா லாபாங்', அதாவது திறந்த வெளி என்று போட்டிருக்கிறது. கோபுரம் இல்லை, மடப்பள்ளி இல்லை, முனீஸ்வரர் மேடை இல்லை. மூணு கும்பாபிஷேகம் கண்ட இடம் வெறும் வெளி.

பூக்கட்டும் அக்கா ஒருத்தர் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பச்சைன்னா நல்லதுதானே தம்பி? மரம் நடப் போறாங்கபோல. இதுக்கு ஏன் தலைவர் மூஞ்சி இப்படி இருக்கு?"

அந்தக் கேள்விக்கு அன்னைக்கு எனக்குச் சரியா பதில் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன். ஒரு நிலத்துக்கு என்ன பெயர் வைக்கிறார்கள் என்பதில்தான் அந்த நிலம் யாருக்குப் போகும் என்பது பாதி முடிவாகிவிடுகிறது. நம்ம கோயில் விஷயத்தில் மட்டும் இல்லை, இந்த நாட்டில் நூற்றைம்பது வருஷமா இதுதான் நடக்குது.

முதலில் மலாய்க்காரர்களின் பழைய வழக்கம். அவர்கள் நிலத்தை 'தானா ஹீடுப்', 'தானா மாத்தி' என்று பிரித்தார்கள். உயிருள்ள நிலம், செத்த நிலம். யாராவது காட்டைத் திருத்தி நெல் போட்டாலோ, பழமரம் வைத்தாலோ அந்த நிலத்துக்கு உயிர் வந்துவிடும். திருத்தியவருக்கு உரிமை, விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு ஆட்சியாளருக்கு. விட்டுவிட்டுப் போய், உழைப்பின் அடையாளம் எல்லாம் அழிந்தால் நிலம் மறுபடி செத்ததாகும். பின்னாளில் சிலாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த வில்லியம் மேக்ஸ்வெல் 1884-லேயே இதைப் பற்றி விரிவாக எழுதி வைத்தார். அந்த வழக்கத்தில் நிலத்தின் பெயர் மனிதன் செய்த வேலையிலிருந்து வந்தது. இது எனக்குப் பிடித்திருக்கிறது.

அதே மேக்ஸ்வெல்தான் டோரன்ஸ் முறையை இங்கே கொண்டுவர முன்நின்றவரும்கூட. 1858-இல் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் தொடங்கிய முறை அது. பதிவேட்டில் யார் பெயரோ அவரே சொந்தக்காரர், அவ்வளவுதான். பட்டா மோசடி குறையும், வாங்குறவனுக்குப் பயம் இல்லை. நன்மை இல்லாமல் இல்லை. ஆனால் பதிவேட்டில் பெயர் இல்லாத நிலத்தை என்ன செய்வது? அதற்கு வெள்ளைக்காரன் ஒரு சொல் வைத்திருந்தான்: தரிசு. வீணாய்க் கிடக்கும் நிலம்.

நம்ம தாத்தா பாட்டிகள் கப்பலேறி வந்த ஊரிலும் இதே கதைதான். 'புறம்போக்கு' என்ற சொல்லை இன்னைக்கு யாரையாவது திட்டத்தான் பயன்படுத்துறோம். உண்மையில் அது வரிக் கணக்குக்குப் புறத்தே ஊருக்குப் பொதுவாக விட்ட நிலம். குளம், மேய்ச்சல் தரை, சுடுகாடு, நடைபாதை எல்லாம் அதில் சேரும். வரி வராத நிலம் என்பதால் கணக்கு எழுதுகிறவனுக்கு அது உதவாத நிலம். ஊருக்கு உயிராக இருந்தது கணக்கில் வெறுமையாகி, கடைசியில் வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது.

இங்கே 'தரிசு' என்று சொல்லப்பட்டது எது தெரியுமா? நூறடி உயர மரங்கள் நின்ற காடு. அதில் தெமுவான், ஜாக்குன் போன்ற பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி, பிரம்பு எடுத்து, டுரியான் மரம் வைத்து வாழ்ந்தார்கள். 1896-இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் வர்த்தக முறையில் ரப்பர் நட்டார். அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் ரப்பர் விலை ஏறியது. காடெல்லாம் கம்பெனிகளுக்கு நீண்ட காலக் குத்தகையிலும் நிரந்தரப் பட்டாவிலும் போனது. காட்டை வெட்டவும் பால் மரம் சீவவும் நம்ம ஆட்கள் வந்தார்கள். இதை நான் மறைக்க விரும்பவில்லை. நம்ம மாரியம்மா வந்து உட்கார்ந்த இடமும் யாரோ ஒருவருடைய காடுதான். 'ஆளில்லாத காட்டில் எங்க தாத்தா கோயில் கட்டினார்' என்று மேடையில் பேசும்போது கொஞ்சம் யோசித்துப் பேசணும்.

தோட்டத்தில் கோயில் எப்படி வந்தது என்று பெரியவங்களுக்குத் தெரியும். லயத்துக்குப் பக்கத்தில் ஒரு மரம், ஒரு கல், ஒரு சூலம். பிறகு துரையிடம் கங்காணி போய்ப் பேசுவார். துரை தலையாட்டுவார். பல தோட்டங்களில் சம்பளத்திலேயே கோயிலுக்கென்று ஒரு தொகை பிடித்தார்கள். திருவிழாவுக்கு லீவு, லாரி, சில சமயம் பலகையும் தகரமும் நிர்வாகமே கொடுத்தது. கூலிக்காரன் ஊரை விட்டு ஓடாமல் இருக்க அம்மன் உதவுவாள் என்று துரைக்குத் தெரியும். எல்லாம் வாய் வார்த்தை. கிராண்டு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக ஆரம்பித்தன. வாங்கியவர்கள் சின்னச் சின்னத் துண்டாக்கி மறுபடி விற்றார்கள். ஆங்கிலத்தில் இதற்கு வைத்த பெயர் 'உட்பிரிவு' என்கிற மாதிரி ஒரு சாதுவான சொல். நம்ம ஆட்கள் அதைத் 'துண்டாடல்' என்றார்கள். நல்ல தமிழ். என்ன நடந்ததோ அதை அப்படியே சொல்லும் சொல். வேலை போச்சு, வீடு போச்சு, கோயில் யாரோ ஒருவரின் துண்டில் மாட்டிக்கொண்டது. அதைத் தடுக்கத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களே காசு போட்டுத் தோட்டங்களை வாங்கினார்கள்.

இப்ப சட்டத்துக்கு வருவோம். 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் 1966 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதில் 48-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: அரசு நிலத்தில் எத்தனை காலம் இருந்தாலும், உரிமம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இருந்ததை வைத்து மட்டும் அந்த நிலம் உனக்குச் சொந்தமாகாது. நம்ம மேடைகளில் "நூறு வருஷமா இருக்கோம், எங்களை எப்படி எழுப்ப முடியும்" என்று கேட்டுக் கைதட்டு வாங்குகிறார்கள் இல்லையா, சட்டத்தின் முன்னால் அந்த நூறு வருஷம் எடைபோடப்படுவதே இல்லை.

அடுத்து டி.ஓ.எல். தற்காலிகக் குடியிருப்பு உரிமம். எந்த மாதம் எடுத்தாலும் அந்த வருஷம் டிசம்பர் 31-ஓடு முடிந்துவிடும். திரும்பப் புதுப்பிக்கணும். இப்படி வருஷா வருஷம் கட்டிக்கட்டி இருபது முப்பது ரசீது சேர்த்து வைத்த குடும்பங்கள் உண்டு, ஆலயங்களும் உண்டு. முப்பது வருஷம் தொடர்ந்து நடப்பதற்குப் பெயர் 'தற்காலிகம்'. ஆகம வழக்கத்தில் நமக்கும் ஒரு தற்காலிகம் உண்டு, பாலாலயம். திருப்பணி நடக்கும்போது சக்தியைக் கும்பத்திலோ படத்திலோ இறக்கி வைத்து, வேலை முடிந்ததும் திரும்ப மூலஸ்தானத்தில் ஏற்றுவோம். திரும்பி வருவது நிச்சயம் என்பதால்தான் அது பாலாலயம். கடிதங்களில் 'இடமாற்றம்' என்று வரும்போது சிலர் அதையும் பாலாலயம் மாதிரியே நினைத்துச் சமாதானமாகிவிடுகிறார்கள். அது வேறு, இது வேறு.

பூர்வகுடி மக்களுக்கு இதைவிட மோசமான ஒரு சொல் வைத்தார்கள். 1954-ஆம் ஆண்டுப் பூர்வகுடிச் சட்டப்படி அவர்களுக்குக் குடியிருக்கும் உரிமை கொடுத்தாலும் அது, கொடுத்தவர் விருப்பம் உள்ளவரை மட்டும் இருக்கக்கூடிய வாடகைக்குடி என்ற நிலைதான். 1995-இல் கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்துக்கு நெடுஞ்சாலை போட டெங்கில் பக்கம் புக்கிட் தம்போயில் தெமுவான் மக்களின் நிலத்தை எடுத்தார்கள். வீட்டுக்கும் பழமரத்துக்கும் பயிருக்கும் இழப்பீடு கொடுத்தார்கள். நிலத்துக்கு ஒரு காசு இல்லை, 'நிலம் உங்களுடையது இல்லையே' என்று. சாகோங் தாசியும் இன்னும் சிலரும் நீதிமன்றம் போனார்கள். 2002-இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2005-இல் கோபால் ஸ்ரீராம் உள்ளிட்ட மேல்முறையீட்டு நீதிபதிகளும் அதை உறுதி செய்தார்கள். வழக்கப்படி அனுபவித்த நிலமும் சொத்துதான், அரசியலமைப்பின் 13-ஆம் பிரிவு சொல்லும் போதிய இழப்பீடு அதற்கும் உண்டு என்று முடிவானது. 2010-இல் 65 லட்சம் ரிங்கிட்டுக்கு வழக்கு தீர்ந்தது. பதினைந்து வருஷம். இந்த வழக்கை நம்ம ஆலயப் பொறுப்பாளர்கள் கட்டாயம் தெரிஞ்சு வச்சிருக்கணும் என்று நினைக்கிறேன். பூர்வகுடிகளுக்குக் கிடைத்த உரிமை நமக்கும் கிடைக்கும் என்பதற்காக இல்லை, கிடைக்காது. அவர்கள் எப்படி ஜெயித்தார்கள் என்பதற்காக. பேச்சில் அல்ல, ஆதாரத்தில். யார் எங்கே என்ன மரம் வைத்தார்கள், எந்தத் தலைமுறை எங்கே புதைக்கப்பட்டது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்கள்.

அதே டெங்கிலுக்குப் பக்கத்தில்தான் புத்ராஜெயா. 1993-இல் புதிய நிர்வாகத் தலைநகருக்கு அந்த இடம் முடிவானது. அப்போது அங்கே இருந்தவை பெராங் பெசார், கேலவே, செட்ஜ்லி, மேடிங்லி தோட்டங்கள். பெராங் பெசார் என்றால் மாபெரும் போர். முதல் உலகப் போரில் சண்டை போட்டுத் திரும்பிய பிரிட்டிஷ்காரர்கள் 1921-இல் காட்டை அழித்துத் திறந்த தோட்டம், அதனால் அந்தப் பெயர். ரப்பர் ஆராய்ச்சியில் உலகமே அறிந்த பி.பி. ரகக் கன்றுகள் அந்தத் தோட்டத்தின் பெயரைச் சுமந்தவைதான். பால் மரம் சீவிய பெரியவங்களுக்கு பி.பி. 86 என்றால் தெரியும். அங்கிருந்த குடும்பங்களை டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றினார்கள்.

புதிய நகரத்துக்கு என்ன அடைமொழி கொடுத்தார்கள் என்று பாருங்கள்: தோட்ட நகரம்! தமிழில் சொன்னால்தான் இது சுருக்கென்று குத்துகிறது. நம்ம பேச்சில் தோட்டம் என்றால் வேலை, லயம், பள்ளிக்கூடம், கோயில். அவர்கள் சொன்ன தோட்டத்தில் ஏரியும் பூச்செடியும் உண்டு. ஒரு தோட்டத்தை எடுத்துவிட்டு இன்னொரு தோட்டம். புத்ராஜெயா அழகாகத்தான் இருக்கு, நானும் குடும்பத்தோடு போய்ப் படம் எடுத்திருக்கேன். அதில் ஒன்றும் வெட்கமில்லை.

நில எடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. 'பொதுத் தேவை' என்றால் சாலை, பள்ளி, மருத்துவமனை என்று நாம் நினைப்போம். 1991 திருத்தத்தில் பொருளாதார வளர்ச்சிக்கு நன்மை தரும் என்று மாநில அரசு கருதினால் போதும் என்றாகிவிட்டது. கருதினால் போதும்! தனியார் திட்டத்துக்கும் இந்தக் கதவு திறந்துவிட்டது.

இனி பச்சைக்கு வருகிறேன், அக்கா கேட்ட கேள்விக்கு.

சிலாங்கூரில் புக்கிட் செராக்கா வனக் காப்பகம் ஷா ஆலத்தை ஒட்டி இருக்கிறது. காப்பகம் என்றால் காக்கப்பட்டது என்றுதான் எல்லாரும் நினைப்போம். 2022 மே மாதம் அதில் 406 ஹெக்டேருக்கு மேல் காப்பகப் பட்டியலிலிருந்து நீக்கியதாக அரசிதழில் வந்தது. எந்தத் தேதியிலிருந்து? 2000 நவம்பரிலிருந்து. இருபத்தொரு வருஷம் பின்தேதி. இடையில் 2011-இல் சிலாங்கூரில் ஒரு நல்ல விதி வந்திருந்தது, காப்பகத்தை நீக்கும் முன் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்று. பின்தேதி போட்டால் அந்த விதி பொருந்தாது அல்லவா? சுற்றுச்சூழல் அமைப்புகள் கேட்டதும் அதைத்தான்.

கோல லங்காட் வடக்குக் காப்பகமும் அப்படித்தான். கரிச்சதுப்பு நிலக்காடு, சுற்றிலும் தெமுவான் கிராமங்கள். 2020 பிப்ரவரியில் சுமார் 931 ஹெக்டேரை நீக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. அது ஏற்கனவே தீப்பிடித்துக் கெட்டுப்போன காடு என்று ஒரு காரணம் சொன்னார்கள். கெட்டுப்போனதைச் சரிசெய்வார்களா, கெட்டுப்போச்சு என்று விற்பார்களா? ஆயிரக்கணக்கானவர்கள் எதிர்ப்புக் கடிதம் கொடுத்தார்கள். 2021 ஆகஸ்டு கடைசியில்தான் 536 ஹெக்டேருக்கு மேல் ஏற்கனவே நீக்க ஒப்புதல் கொடுக்கப்பட்டிருந்தது வெளியே தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பியது. செப்டம்பர் 8-ஆம் தேதி மாநில அரசு முடிவைத் திரும்பப் பெற்றது. கடிதம் எழுதினால் ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்லுங்க.

இன்னொரு வேடிக்கை. காப்பகத்துக்குள் இயற்கைக் காட்டை வெட்டிவிட்டு ஒரே வகை மரத்தை வரிசையாக நடுவதற்கு 'லாடாங் ஹூத்தான்' என்று பெயர், வனத்தோட்டம். நடப்பட்ட மரங்களில் ஒன்று ரப்பர். உலக உணவு வேளாண் அமைப்பின் கணக்கிலும் ரப்பர் தோட்டம் வனத்தில் சேரும், செம்பனை சேராது. நம்ம பாட்டி விடியற்காலையில் நெற்றி விளக்கோடு போய்ச் சீவிய அதே மரம்தான். அன்றைக்கு அது காட்டை அழித்து வந்த மரம். இன்றைக்கு அதுவே காடு.

ஆகவே அக்கா, பச்சை என்பது ஒரு நிறம் மட்டும்தான். அது மரத்தையும் குறிக்கலாம், இல்லாததையும் குறிக்கலாம். வரைபடத்தில் நம்ம இடம் 'வழிபாட்டுத் தலம்' என்று வராமல் 'திறந்த வெளி' என்று பதிவானால், நாளைக்கு யாரும் 'கோயிலை இடிக்கிறோம்' என்று எழுத மாட்டார்கள். 'பசுமைப் பகுதியில் உள்ள அனுமதியில்லாத கட்டுமானத்தை அகற்றுகிறோம்' என்று எழுதுவார்கள். படிக்கிறவனுக்கு நாம்தான் மரத்தின் எதிரி மாதிரி தெரியும்.

'ஹராம்' என்ற சொல்லும் அப்படித்தான் வேலை செய்கிறது. மலாயில் அது சமயத்தால் விலக்கப்பட்டது என்ற பொருளோடு வரும் கனமான சொல். 2025-இல் தலைநகர் மஸ்ஜித் இந்தியா பகுதி தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலய விவகாரம் வந்தபோது 'கோயில் ஹராம்' என்ற பேச்சுதான் சமூக ஊடகம் முழுக்க ஓடியது. நூறு வருஷத்துக்கு மேல் அந்தப் பகுதியில் இருந்த ஆலயம். நிலத்தை மாநகர் மன்றம் 2014-இல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்றது. கடைசியில் பக்கத்திலேயே வேறு நிலத்துக்கு மாற ஆலயம் சம்மதித்தது. நிலப் பட்டா இல்லாதது ஒன்று, ஹராம் என்பது வேறொன்று. துரை சம்மதத்தோடு கட்டிய தோட்டக் கோயில் கட்டிய நாளில் யாருக்கும் குற்றமாகத் தெரியவில்லை. நிலம் கைமாறிய நாளில்தான் அதன் பெயர் மாறியது. கோயில் இருந்த இடத்திலேயே இருந்தது.

சிங்கப்பூரில் இருந்து படிக்கும் அன்பர்களுக்கு இரண்டு வரி. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் ஆலயத்துக்கு 1821-இல் ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் பக்கம் இடம் ஒதுக்கினார்கள். 1822 நகரத் திட்டத்தில் அந்த இடம் வேறு பயனுக்கு என்று ஆகிவிட, 1823-இல் இப்போதைய இடம் கிடைத்தது. இருநூறு வருஷம் முன்னாலேயே வரைபடம் அம்மனை நகர்த்தியிருக்கிறது. உங்க ஊர் நில எடுப்பில் 'சந்தை விலை' என்பதும் ரொம்ப காலம் ஒரு விநோதமான சொல். 1973 திருத்தத்துக்குப் பிறகு, 1973 நவம்பர் 30-ஆம் தேதி விலையா, எடுக்கும் நாள் விலையா, எது குறைவோ அதுதான் சந்தை விலை. தேதியை இடையிடையே மாற்றினார்கள். முழு நிகழ்கால விலை 2007-இல்தான் வந்தது.

நம்ம பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீங்க. சொற்களை வளைப்பதில் நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பத்து வருஷம் முன்னால் சாலையோர மரத்தடியில் வைத்த கல்லுக்கு 'பாரம்பரிய ஆலயம்' என்று பலகை மாட்டுகிறோம். ஆற்று ஒதுக்கீட்டு நிலத்தில் கூடாரத்தை நீட்டிவிட்டு 'பக்தர்கள் வசதிக்காக' என்கிறோம். பூஜை செய்த மாலையையும் பிளாஸ்டிக் பையையும் ஆற்றில் விட்டுவிட்டு 'கங்கையில் சேர்த்தேன்' என்கிறோம். ஆற்று ஒதுக்கீடு என்பது வெள்ளம் வந்தால் தண்ணீர் விரிந்து போக விட்ட இடம். அது பொய்ச்சொல் இல்லை, உண்மையான தேவை. நம்ம மடப்பள்ளியின் பின் கொட்டகை ஒரு மூலை அதற்குள் நீண்டிருக்கிறது. அதை எடுத்துவிடுவது என்று குழு முடிவு செய்தாச்சு. வருகிற சனிக்கிழமை காலை ஏழரைக்கு வேலை, கையுறையோடு வாங்க.

நம்ம ஆலயம் 'நூற்றிருபது வருஷம் பழமையானது' என்று இதுவரை அழைப்பிதழில் போட்டு வந்தோம். அதற்குக் கையில் ஆதாரம் இல்லை. இருப்பதில் பழையது 1958 தீமிதிப் படம் ஒன்று, தோட்டக் கணக்கப்பிள்ளை கையெழுத்துப் போட்ட ரசீது ஒன்று. ஆட்சேபக் கடிதத்தில் அதனால் 1958 என்றுதான் எழுதியிருக்கிறோம். சிலருக்கு வருத்தம். ஆனால் கேள்வி கேட்கும் நாளில் காட்ட முடிந்ததைத்தான் எழுத முடியும்.

நகர், கிராமத் திட்டச் சட்டம் 1976-படி உள்ளூர்த் திட்ட வரைவைக் குறைந்தது நாலு வாரம் மக்கள் பார்வைக்கு வைக்கணும். அதற்குள் யார் வேண்டுமானாலும் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம், நேரில் விளக்கவும் கேட்கலாம். நம்ம பகுதிக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கு. பாரம் கோயில் அலுவலகத்தில் இருக்கு. மலாயில் நிரப்பத் தெரியாதவங்களுக்கு இளைஞர் பிரிவுப் பிள்ளைகள் உதவுவார்கள். ஐ.சி. கொண்டு வாங்க. நாங்க கேட்கப் போவது ஒரே ஒரு மாற்றம்: வரைபடத்தில் நம்ம இடத்தை 'திறந்த வெளி' என்பதிலிருந்து 'வழிபாட்டுத் தலம்' என்று திருத்தச் சொல்வது. ஆற்றோரம் பச்சையாகவே இருக்கட்டும், அதை நாமே பராமரிக்கிறோம் என்றும் எழுதியிருக்கிறோம்.

பெரியவங்களுக்கு என்று சொன்ன வேலை இதுதான். பழைய திருவிழாப் படம், கல்யாணப் படத்தில் பின்னால் கோயில் தெரிந்தால் அது, சம்பளச் சீட்டில் கோயில் பிடித்தம் இருந்தால் அது, தோட்டப் பள்ளிக்கூடச் சான்றிதழ், எது இருந்தாலும் வெள்ளிக்கிழமை மாலைப் பூஜைக்கு வரும்போது எடுத்துட்டு வாங்க. அங்கேயே ஸ்கேன் பண்ணிக் கையோடு திருப்பிக் கொடுத்திடுவோம். போன வாரம் ஒரு பாட்டி கொண்டு வந்த படத்தில் இரண்டு பிள்ளைகள் ஐஸ்கிரீம் சாப்பிடுறாங்க, பின்னால் தகரக் கூரையோடு நம்ம பழைய முனியாண்டி மேடை. படத்துக்குப் பின்பக்கம் பென்சிலில் தேதி எழுதியிருக்கு: 1953, ஆடி மாசம். கடிதத்தில் இருந்த 1958-ஐ அடிச்சிட்டு மாத்திட்டோம்.

அன்புடன்,
ஆலயத் தொண்டர் ஒருவர்